ஊவா மலைநாடும் போர்த்துக்கேயத் திருவிழா மரபும்

பறங்கியர் எனப்படும் போர்த்துக்கேய வழிவந்த மக்கள் இலங்கையில் முதன்மையாக மட்டக்களப்பிலும் திருகோணமலையிலும் வாழ்கின்றனர். ஊவா மாகாணத்துப் பதுளை மாவட்டத்தின் ஹாலிஎலவிலோ அதைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களிலோ அவர்களின் பழைய குடியிருப்பு எதுவும் இல்லை. ஆனால் அவர்கள் கொண்டுவந்த புனிதர் விழாக்கள் இந்த மலைகளில் வேரூன்றியுள்ளன. அவற்றை இங்கே சேர்த்தவர்கள் போர்த்துக்கேயரோ அவர்களின் வாரிசுகளோ அல்லர். தமிழகத்திலிருந்து வந்த தோட்டத் தொழிலாளர்களே. இலங்கையின் போர்த்துக்கேய மரபைப் பேசும்போது கரையோரத்தோடு நிறுத்திக்கொள்வது வழக்கமாகிவிட்டது. மலையகத்தை விட்டுவிட்டால் அந்த வரலாறு அரைகுறையானது.

ஊவாவில் போர்த்துக்கேயர்

போர்த்துக்கேயர் ஊவாவுக்குள் குடியேற வரவில்லை, படையெடுத்தே வந்தனர். 1630 ஆகஸ்ட் மாதம் தளபதி கொன்ஸ்தந்தீனு த சா பெரும்படையுடன் மலையேறிப் பதுளையைத் தீக்கிரையாக்கினார். திரும்பும் வழியில், வெல்லவாயவுக்கு அருகில் உள்ள ரந்தெனிவெலயில், கண்டிப் படை அவரைச் சூழ்ந்தது. அவருடைய சிங்களப் படைத்தலைவர்கள் ஏற்கெனவே கண்டி அரசனுடன் இரகசியமாக உடன்பட்டிருந்தனர். அங்கேயே த சா கொல்லப்பட்டார், படையும் அழிந்தது. அதன் பிறகு ஊவாவில் போர்த்துக்கேயர் காலூன்றவில்லை. 1656இல் கொழும்பையும் 1658இல் யாழ்ப்பாணத்தையும் ஒல்லாந்தரிடம் இழந்ததோடு தீவில் அவர்களுடைய ஆட்சியும் முடிந்தது.

கண்டி அரசர்களிடம் சிறைப்பட்ட போர்த்துக்கேயரில் சிலர் உள்நாட்டிலேயே தங்கி, உள்ளூர்ப் பெண்களை மணந்தனர். மாத்தளை மாவட்டத்தின் வஹாகோட்டை கிராமத்துக் கத்தோலிக்கர் தம்மை இத்தகைய போர்வீரர்களின் வழித்தோன்றல்கள் என்று கூறுவர். இன்று அவர்கள் பேசுவது சிங்களம். உருவத்திலும் உடையிலும் அயலவரிலிருந்து அவர்களை வேறுபடுத்த முடியாது. அங்குள்ள புனித அந்தோனியார் திருத்தலத்துக்கு ஜூன் மாதத்தில் தீவின் பல பகுதிகளிலிருந்தும் யாத்திரிகர் வருகின்றனர்.

மட்டக்களப்புப் பறங்கியர்

ஹாலிஎல வழியாகப் பதுளைக்குச் செல்லும் நெடுஞ்சாலை பிபிலை, மகாஓயா ஊடாக இறங்கிச் செங்கலடியில் முடிகிறது. அங்கிருந்து மட்டக்களப்பு நகரம் தொலைவில் இல்லை. போர்த்துக்கேயர் 1628இல் கோட்டை கட்டத் தொடங்கிப் பத்தே ஆண்டுகளில் ஒல்லாந்தரிடம் அதைப் பறிகொடுத்த நகரம் அது. அவ்வளவு குறுகிய காலம் ஆண்ட இடத்தில் அவர்களின் மொழி இன்றும் ஒலிப்பது வியப்புக்குரியது. மட்டக்களப்புப் பறங்கியரில் முதியோர் சிலர் பேசும் போர்த்துக்கேயக் கிரியோல், சொற்களால் போர்த்துக்கேயம். வாக்கிய அமைப்பாலோ பெரிதும் தமிழ். வினைச்சொல் வாக்கியத்தின் கடைசியில் நிற்கும். வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டும். நூற்றாண்டுக்கணக்கில் தமிழ் அயலாரோடு கூடி வாழ்ந்ததன் தடம் இது.

தச்சு, இரும்பு வேலை, தையல் போன்ற கைத்தொழில்களால் பிழைத்த இம்மக்கள் கத்தோலிக்கத்தைக் கைவிடவில்லை. திருமண வீடுகளில் வயலின் இசைக்கு ஆடும் கஃப்ரிஞ்ஞாவும் லான்சர்ஸும் அவர்களின் தனி அடையாளங்கள். சிங்களத் திரை, மேடை இசையில் புகழ்பெற்ற பைலாவுக்கும் மூலம் இந்தக் கஃப்ரிஞ்ஞாவே. 2004 ஆழிப்பேரலை அவர்கள் செறிந்து வாழ்ந்த டச்பார் பகுதியை நாசமாக்கியது; அங்கே பல குடும்பங்கள் உறவுகளை இழந்தன. அண்மைக் காலத்தில் லிஸ்பன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இவர்களின் பேச்சையும் பாட்டையும் ஒலி, ஒளிப்பதிவு செய்துள்ளனர்.

தடைக்காலமும் கோவா குருவும்

ஒல்லாந்தர் 1658இல் கத்தோலிக்கக் குருமாருக்குப் புகலிடம் தருவதை மரண தண்டனைக்குரிய குற்றமாக்கினர். பூசை வைக்கக் குரு இல்லாத அந்த ஆண்டுகளில் செபமாலையையும் புனிதர் சுரூபங்களையும் காத்தவர்கள் பொதுமக்கள். 1670இல் மாந்தையிலிருந்து இருபது குடும்பங்கள் மாதா சுரூபத்தோடு காட்டுக்குள் தப்பிச் சென்றதாக மடுத் திருத்தல வரலாறு கூறும். குருவே இல்லாமலும் விழா நடத்தத் தெரிந்த ஒரு சமூகம் அப்போது உருவானது. பிற்காலத்தில் தோட்டங்களில் நடந்ததைப் புரிந்துகொள்ள இது மிக முக்கியம்.

கோவாவில் பிறந்த யோசே வாஸ் அடிகள் 1687இல் கூலியாள் வேடத்தில் யாழ்ப்பாணம் வந்தார். 1692இல் கண்டிக்குச் சென்றபோது போர்த்துக்கேய உளவாளி என்ற ஐயத்தில் சிறைப்பட்டார். பின்னர் அரசனின் நம்பிக்கையைப் பெற்று, 1711இல் கண்டியிலேயே காலமானார். 2015 ஜனவரி 14 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் காலிமுகத்திடலில் அவரைப் புனிதராக அறிவித்தார். ஒல்லாந்தரின் தடையை நீக்கிக் கத்தோலிக்கருக்கு உரிமை வழங்கியது 1806இல் வந்த ஆங்கிலேயச் சட்டம்.

தோட்டத்துக்கு வந்த புனிதர்கள்

19ஆம் நூற்றாண்டில் கோப்பிக்கும் பின்னர் தேயிலைக்கும் ஆள் தேவைப்பட்டபோது திருச்சி, தஞ்சை, மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டைப் பகுதிகளிலிருந்து குடும்பங்கள் வந்தன. தொடக்கத்தில் வந்தவர்கள் மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே மாத்தளை வரை நடந்தனர். நோயில் வழியிலேயே மாண்டவர்கள் ஏராளம். பண்டாரவளைக்கு 1894இலும் பதுளைக்கு 1924இலும் ரயில் வந்தது. ஹாலிஎல நிலையமும் இந்தப் பாதையில்தான் இருக்கிறது.

வந்தவர்களில் பெரும்பாலோர் சைவ, மாரியம்மன் வழிபாட்டினர், கத்தோலிக்கர் சிறுபான்மையினர். இந்தச் சிறுபான்மையினரின் சொந்த மண்ணில் போர்த்துக்கேயத் தடம் ஆழமானது. முத்துக்குளித்துறைப் பரதவர் 1530களில் திருமுழுக்குப் பெற்றது போர்த்துக்கேயர் பாதுகாப்பில். வேளாங்கண்ணிக் கோயிலின் வரலாற்றில் புயலில் தப்பிக் கரையேறிய போர்த்துக்கேய மாலுமிகளுக்கு இடமுண்டு. 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் தலை வெட்டப்பட்ட அருளானந்தர் லிஸ்பனில் பிறந்தவர். தோட்டங்களில் மிகுதியாக வணங்கப்படும் அந்தோனியாரும் லிஸ்பன்காரரே. பதுவையில் இறந்ததால் அந்த ஊரின் பெயர் அவரோடு ஒட்டிக்கொண்டது. லயத்துக்கு அருகில் சிறு கெபியாகத் தொடங்கி, கையிலிருந்த காசைச் சேர்த்துக் கோயிலாக எழுப்பிய மக்களுக்கு இவர்கள் அந்நியப் புனிதர்கள் அல்லர், ஊரிலிருந்து கூடவே வந்த துணை.

ஜூன் 13 அந்தோனியார் திருநாள்; செப்டம்பர் 8 வேளாங்கண்ணி மாதா திருநாள். தோட்டத்து வேலை நாளைப் பொறுத்து விழா அடுத்த ஞாயிறுக்கு நகர்வதுண்டு. கொடியேற்றம், நவநாள், நற்கருணை விழா, திருவிழாப் பாடற்பூசை, கடைசியில் அலங்கரித்த சப்பறத்தில் சுரூபப் பவனி என்ற ஒழுங்கில் விழா நடக்கும். சுரூபத்தைத் தோளில் சுமந்து ஊர்வலம் போவது ஐபீரிய வழக்கம். கொடிமரமும் தேரும் மேளமும் அன்னதானமும் தமிழ்க் கோயில் வழக்கம். இரண்டும் சோழமண்டலக் கரையிலேயே கலந்துவிட்டன. தோட்டத்து இந்துக்களும் மெழுகுதிரி ஏற்ற வருவர். செவ்வாய்க்கிழமை அந்தோனியார் பக்தியில் மத வேறுபாடு பார்ப்பதில்லை. ஆடு, கோழி நேர்வதும் பாண் மந்திரித்துப் பகிர்வதும் வழக்கத்தில் உண்டு.

அட்லாண்டிக்குக்கு அப்பால் இதற்கு இணை உண்டு. அசோரஸ் தீவினர் குடியேறிய வட அமெரிக்க ஊர்களில் தூய ஆவி விழாவில் ஒருவருக்கு முடிசூட்டி, வந்தவர் அனைவருக்கும் இறைச்சியும் ரொட்டியும் சூப்பும் இலவசமாகப் பரிமாறுவர். மதீராத் தீவினர் மசாசூசெட்ஸ் மாநிலத்தின் நியூ பெட்ஃபோர்ட் நகரில் 1915இல் தொடங்கிய நற்கருணை விழா இன்றும் பெருங்கூட்டத்தை ஈர்க்கிறது. திமிங்கில வேட்டைக்கும் ஆலை வேலைக்கும் போன போர்த்துக்கேயரும், கொழுந்து பறிக்க வந்த தமிழரும் சம்பளத்தில் மிச்சம் பிடித்தே விழா எடுத்தனர். போர்த்துக்கேயர் தம் இனப் பெயரோடு விழா எடுத்தனர். மலையகத் தமிழர் தமிழராகவே நின்று எடுத்தனர். போர்த்துக்கேய இரத்த உறவு இல்லாமலே ஒரு விழா மரபு எவ்வளவு தூரம் போகக்கூடும் என்பதற்கு ஊவாத் தோட்டங்கள் நல்ல சான்று.

1972இல் கண்டி மறைமாவட்டத்திலிருந்து பிரித்துப் பதுளை மறைமாவட்டம் நிறுவப்பட்டது. முதல் ஆயர் லியோ நாணாயக்கார, கண்டியின் ஆயராக இருந்தவர். வசதி குறைந்த பதுளையைத் தாமே கேட்டு வந்து, 1982இல் இறக்கும்வரை இங்கு பணியாற்றினார். ஊவாத் தோட்டக் கத்தோலிக்கர் ஆகஸ்ட் 15 மடுத் திருநாளுக்குப் பஸ் பிடித்துக் குடும்பத்தோடு போவர். போரின்போது 2008இல் சில மாதங்கள் மடு மாதா சுரூபம் தேவன்பிட்டிக்குக் கொண்டுசெல்லப்பட்டிருந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் அது மடுக் கோயிலுக்குத் திரும்பிவிட்டது.