கடன்பட்டவர் யார்? நூற்பாலை விடுதியும் சுமங்கலித் திட்டத்தின் தோற்றமும்

மூன்று ஆண்டு வேலை முடித்தால் கல்யாணச் செலவுக்கு மொத்தத் தொகை என்று சொல்லி நூற்பாலைகள் இளம்பெண்களைச் சேர்த்த சுமங்கலித் திட்டத்தைப் பற்றி இன்று எழுதுகிறவர் எவரும் 'கேப்சர்டு பை காட்டன்' அறிக்கையிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது. நெதர்லாந்தின் சோமோ ஆய்வு மையமும் அந்நாட்டு இந்தியக் குழுவும் 2011 மே மாதம் அதை வெளியிட்டன. திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கு நூல் தரும் ஆலைகளில் பதின்வயதுப் பெண்கள், அதிலும் தலித் வீட்டுப் பெண்கள், என்ன நிலையில் வேலை செய்கிறார்கள் என்பதை ஐரோப்பிய, அமெரிக்கக் கடைகளின் பெயரோடு சேர்த்து வைத்துப் பேசியது அந்த அறிக்கை. அதனால் விளைந்த நன்மையை யாரும் மறுக்க முடியாது. ஆனால் அதன் மைய முடிவோடு எனக்கு உடன்பாடில்லை. கூலியின் ஒரு பகுதியை மூன்று ஆண்டு முடியும்வரை முதலாளி தாமாகவே பிடித்து வைப்பதால் இது கொத்தடிமை முறைக்குச் சமம் என்கிறது அறிக்கை. காரணத்தைச் சரியாகக் கண்டுபிடித்துவிட்டு, அதைப் பழைய பெட்டிக்குள் போட்டுப் பூட்டிவிட்டது என்பதே என் வாதம். அதற்குப் பின் வந்த செய்திக் கட்டுரைகளும் ஆய்வேடுகளும் பெரும்பாலும் அந்தப் பெட்டியைத் திறந்து பார்க்கவே இல்லை.

கொத்தடிமை முறையில் முதலில் வருவது கடன். இந்த வட்டாரத்திலேயே அதற்கு வாழும் உதாரணம் உண்டு. விசைத்தறிக்காரர் முதலாளியிடம் முன்பணம் வாங்குகிறார். அதற்குப் 'பாக்கி' என்று பெயர். பாக்கி தீராமல் வேறு பட்டறைக்குப் போக முடியாது. போனால் புது முதலாளி பழைய பாக்கியைக் கட்டி அழைத்துக்கொள்ள வேண்டும். தறிக்காரர் கடன்பட்டவர், முதலாளி கடன் கொடுத்தவர். நூற்பாலை விடுதியில் இந்த உறவு தலைகீழாகக் கிடக்கிறது. தேனியிலிருந்தோ சிவகங்கையிலிருந்தோ ஏஜென்ட் அழைத்து வரும் பெண்ணின் வீட்டுக்குப் பெரிய முன்பணம் எதுவும் போவதில்லை. அவள் மாதாமாதம் உழைத்து, அந்த உழைப்பின் விலையில் ஒரு பகுதியை ஆலையிடமே விட்டுவைக்கிறாள். கடன் கொடுத்தவள் அவள், கடன்பட்டது ஆலை. தான் கொடுத்த கடன் திரும்பி வரும்வரை நகர முடியாமல் நிற்பவள் என்பதுதான் அவளுடைய நிலை. தன் கடனுக்காகக் கட்டுண்டவரையும் தனக்கு வரவேண்டியதற்காகக் கட்டுண்டவரையும் ஒரே சொல்லால் அழைத்தால், பின்னவரின் வரலாறு எங்கே தொடங்கியது என்ற கேள்வியே எழாமல் போய்விடுகிறது.

அந்தத் தொடக்கத்தைத் தேட, மொத்தத் தொகை பற்றிய வாக்குறுதியையே சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். மூன்று ஆண்டு முடித்தால் 30,000 முதல் 50,000 ரூபாய் வரை. கல்யாணச் செலவுக்கு ஆகும் என்பது சேர்த்துச் சொல்லப்படும் வாக்கியம். இந்தத் தொகை கூலியா, அன்பளிப்பா? கூலி என்றால் 1936ஆம் ஆண்டுக் கூலி வழங்கல் சட்டம் குறுக்கே நின்றது; கூலிக் காலம் ஒரு மாதத்தைத் தாண்டக்கூடாது என்றது அதன் 4ஆவது பிரிவு. அன்பளிப்பு என்றால் முப்பதாவது மாதத்தில் உடம்பு முடியாமல் ஊருக்குத் திரும்பும் பெண்ணுக்குக் கேட்க உரிமையே இல்லை. ஆலைகள் இரண்டாவது விளக்கத்தைத்தான் பிடித்துக்கொண்டன. இனி, மூன்று ஆண்டு என்ற கணக்கு. தமிழ்நாட்டில் 1981இல் வந்த பணி நிரந்தரச் சட்டத்தின் 3ஆவது பிரிவு, 24 மாதத்துக்குள் 480 நாள் தொடர்ந்து வேலை செய்தவரை நிரந்தரமாக்க வேண்டும் என்கிறது. விடுதியில் தங்கி, வார விடுப்பு தவிர நாள் தவறாமல் ரிங் பிரேம் நூற்பு எந்திரத்தில் நிற்கும் பெண் ஏறத்தாழ ஒன்றரை ஆண்டிலேயே அந்த 480ஐத் தொட்டுவிடுவாள். அப்படியானால் மூன்று ஆண்டு ஒப்பந்தம் அந்தச் சட்டத்தின் மீது நேரே போய் முட்டியிருக்க வேண்டும். முட்டவில்லை. அவளைத் தொழிலாளி என்று எழுதாமல் 'அப்ரண்டிஸ்' என்று எழுதியதே காரணம். 1961ஆம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டத்தின் 18ஆவது பிரிவுப்படி பயிற்சியாளர் தொழிலாளி ஆகமாட்டார். பல ஆலைகளில் அந்தச் சட்டத்தின் கீழ் பதிவு எதுவும் இல்லாமல் பெயரை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். பஞ்சை நூலாக்க மூன்று ஆண்டுப் பயிற்சி தேவையில்லை. சில மாதத்தில் கை பழகிவிடும் என்பது அந்த வேலையைச் செய்தவர் எல்லோருக்கும் தெரியும்.

ஆகவே இத்திட்டத்தின் வேர் வரதட்சணை வழக்கத்தில் இல்லை, தொழிலாளர் சட்டத்தின் வரிகளுக்கு இடையில் இருக்கிறது என்று கருதுகிறேன். கோவையின் பழைய ஆலைகளில் நிரந்தர ஆண் தொழிலாளரும் தொழிற்சங்கமும் வலுவாக இருந்த காலம் முடிந்து, பல்லடம், அவிநாசி, உடுமலை, வேடசந்தூர் பக்கம் புதிய நூற்பாலைகள் எழுந்தபோது, நிரந்தரமாகாத, இரவிலும் நிற்கக்கூடிய கைகள் தேவைப்பட்டன. இந்த இடத்தில் சான்று மெலிந்திருக்கிறது. 480 நாள் விதியிலிருந்து தப்பத்தான் இதைச் செய்தோம் என்று எந்த ஆலையும் எழுதி வைக்கவில்லை. காலவரிசையும் சட்டத்தின் சொற்களுமே என் சாட்சிகள். தொடக்க ஆண்டிலும் ஒற்றுமை இல்லை. 1989 என்போர் உண்டு. 1990களின் பிற்பாதி என்போரும் உண்டு. 1989 என்ற ஆண்டை நான் எளிதில் தள்ளிவிட மாட்டேன். எட்டாம் வகுப்பு வரை படித்த ஏழைப் பெண்ணுக்கு 5,000 ரூபாய் தரும் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் திருமண நிதியுதவித் திட்டத்தைத் தமிழக அரசு தொடங்கியது அதே ஆண்டில்தான். பெண்ணின் திருமணத்துக்கு ஒரு நிறுவனம் மொத்தமாகப் பணம் தரும் என்ற எண்ணம் ஊர்தோறும் பழகிய பிறகே, ஆலை சொன்ன அதே வாக்கு நம்பத்தக்கதாயிற்று என்று ஊகிக்கலாம். அரசு கொடுத்தது உதவி, ஆலை கொடுத்தது அவள் பணம் என்ற வேறுபாடு அந்தப் பழக்கத்தில் மறைந்துபோனது. விடுதி பரவியதற்கு இன்னொரு தேதியும் முக்கியம். பெண்கள் இரவு வேலை செய்வதைத் தடுத்த தொழிற்சாலைச் சட்டத்தின் 66ஆவது பிரிவின் பகுதியைச் சென்னை உயர்நீதிமன்றம் 2000 டிசம்பரில், பாதுகாப்பு நிபந்தனைகளோடு, செல்லாதென்றது. மூன்று ஷிப்டும் பெண்களை வைத்தே ஓட்டலாம் என்றானபின், ஆலை வளாகத்துக்குள்ளேயே தங்குமிடம் என்பது வசதி என்ற நிலையிலிருந்து கட்டாயம் என்ற நிலைக்கு நகர்ந்திருக்க வேண்டும்.

அந்த வளாகத்தின் ஒழுங்கைக் கவனிக்க வேண்டும். வேளைக்குச் சாப்பாடு, ஷிப்டு மணி, வார்டன், வரவேற்பறையில் டிவி, சில இடங்களில் தையல் வகுப்பு, மாதத்துக்கொரு முறை வார்டனோடு கடைவீதி. செல்போன் கூடாது, வீட்டுக்குப் பேசும்போது பக்கத்தில் ஆள் இருப்பார். எல்லாம் கிடைக்கிற, வெளியேறுவது மட்டும் இயலாத ஊரை இளையோருக்கான கற்பனைக் கதைகள் நன்கு அறியும். லோயிஸ் லௌரியின் 'தி கிவர்' நாவலில் (1993) பன்னிரண்டு வயதில் ஒவ்வொரு பிள்ளைக்கும் பெரியவர்களே தொழிலை நியமிக்கிறார்கள். சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'வில் பிள்ளை பெறவும் அரசு அனுமதி வேண்டும். அக்கதைகளின் நுட்பம் ஒன்று ஆய்வாளருக்கு உதவும்: அங்கே குறையற்ற தோற்றம் கொடுமையை மறைக்கும் திரையல்ல, கட்டுப்பாடு இயங்குவதே அதன் வழியாகத்தான். வேடசந்தூர் விடுதியிலும் பாதுகாப்பு என்ற சொல்லே கதவின் தாழ்ப்பாள். திருப்பூர் நகருக்குள் நிலைமை வேறு. சனிக்கிழமை சம்பளம் வாங்கி, திங்கட்கிழமை வேறு கம்பெனிக்குப் போகும் பனியன் தொழிலாளியை உழைப்பின் வழியே முதலாளியாகும் கவுண்டர்களோடு சேர்த்துப் படித்தார் ஷரத் சாரி ('ஃப்ரெடர்னல் கேப்பிடல்', 2004). அந்த நகர்வு சாத்தியமாக இருந்த ஊருக்கு நூல் வந்தது நகர்வே இல்லாத வளாகங்களிலிருந்து. உலக வரலாற்றில் இதற்கு அண்ணன்மார் உண்டு. அமெரிக்காவின் லோவெல் ஆலைகள் 1820கள் முதல் விவசாயக் குடும்பப் பெண்களை விடுதியில் வைத்தன. கூலியைக் கையில் கொடுத்தன. ஆண்டு முடியாமல் போனவருக்கு நற்சான்று மறுத்தன. ஜப்பானியப் பட்டாலைகள் தந்தைக்கு முன்பணம் தந்து மகளை வாங்கின. லோவெல் நற்பெயரைப் பிணையாக்கியது, ஜப்பான் கடனை. தொழிலாளியின் சொந்தக் கூலியையே பிணையாக்கியது நம்முடையது. இது மூன்றாவது வகை.

கொத்தடிமை என்ற சொல் இங்கே பொருந்தாது என்பதற்கு வலுவான மறுப்பு சட்டத் தரப்பிலிருந்து வரும். ஆசிய விளையாட்டுப் பணியாளர் வழக்கில் உச்சநீதிமன்றம் 1982இல், குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே கொடுத்து வாங்கும் வேலை அரசமைப்பின் 23ஆவது பிரிவு தடுக்கும் கட்டாய உழைப்பே என்றது; 1976ஆம் ஆண்டுக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டமும் முன்பணத்தோடு நின்றுவிடவில்லை. உண்மை. நீதிமன்றத்தில் ஒரு பெண்ணுக்காக வாதாடும் வழக்கறிஞர் அந்தச் சொல்லைப் பயன்படுத்தட்டும். ஆனால் அச்சட்டம் தரும் முதன்மைத் தீர்வு கடனை அழித்து ஆளை விடுவிப்பது. இங்கே அழிக்க அவள்மேல் கடன் எதுவும் இல்லை, வசூலிக்க வேண்டிய கடன்தான் உண்டு. முப்பதாவது மாதத்தில் அவளை மீட்டு ஊருக்கு அனுப்புவதால் ஆலைக்குத்தான் லாபம். இன்னொரு மறுப்பு: பெற்றோரும் பெண்களும் தெரிந்தே வந்தார்கள், காட்டு வேலையைவிட இது மேல் என்று எண்ணினார்கள் என்பது. அதையும் ஒத்துக்கொள்கிறேன், மழை பொய்த்த ஊரில் அந்தக் கணக்கு தவறானதல்ல. ஆனால் சம்மதம் கொடுத்தது முழுத் தொகைக்கு. பாதியில் போனால் எதுவுமில்லை என்பதற்குச் சம்மதம் கேட்கப்பட்டதா என்பதுதான் கேள்வி.

2011க்குப் பின் வெளிநாட்டு பிராண்டுகளின் நெருக்கடியில் சுமங்கலி என்ற பெயர் மறைந்தது. மாதச் சம்பளம் பல ஆலைகளில் வந்தது. விடுதி நீடித்தது, 2014இல் பெண்கள் விடுதிகளை முறைப்படுத்தத் தனிச் சட்டமே வந்தது. பெண்கள் வரும் ஊர்கள் மட்டும் ஒடிசாவுக்கும் ஜார்க்கண்டுக்கும் நகர்ந்தன. திருமண நிதியுதவியையும் அரசு மாற்றி, 2022 முதல் புதுமைப் பெண் திட்டத்தில் கல்லூரிப் பெண்ணின் சொந்த வங்கிக் கணக்கில் மாதம் 1,000 ரூபாய் போடுகிறது. முழுக் காலம் முடிக்காமல் போன பெண்களுக்கு ஆலைகள் தர வேண்டியிருந்தது எவ்வளவு என்பதை மட்டும் யாரும் கூட்டிப் பார்க்கவில்லை. 1990களின் வருகைப் பதிவேடுகளும் பிஎஃப் கணக்குகளும் பழைய பேப்பர் கடைக்குப் போகும் முன் தொழிற்சங்கங்களும் பல்கலைக்கழகத் துறைகளும் அவற்றைக் கேட்டு வாங்க வேண்டும். தொடக்க ஆண்டு பற்றிய வழக்கும் அங்கேதான் தீரும்.