ஊகிக்கத்தக்க தன்மை (அமெரிக்கக் காப்புரிமைச் சட்டம்)

துறையில் சாதாரணத் தேர்ச்சி உள்ளவர் ஏற்கெனவே அறியப்பட்டவற்றிலிருந்து எளிதில் எட்டக்கூடிய ஒன்றுக்குக் காப்புரிமை இல்லை என்னும் விதி. 1952ஆம் ஆண்டுச் சட்டத்தின் 103ஆம் பிரிவு இதைக் கூறுகிறது. கிரகாம் எதிர் ஜான் டீர் வழக்கு (1966) அளவுகோல்களை வகுத்தது.

மின்னணுக் கருவிகளைத் தொலைவிலிருந்து கேமரா வழியே கண்காணிக்கும் ஏற்பாடுகளில் இவ்விதி கூர்மையாக உரசுகிறது. கேமரா, வலையமைப்பு, திரை எல்லாம் பழையவை; சேர்க்கை மட்டுமே புதிது. அதுவும் முற்றிலும் புதிதல்ல: கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணினி ஆய்வகத்தினர் 1991இலேயே காப்பிக் குடுவையில் காப்பி இருக்கிறதா என்று இருந்த இடத்திலிருந்தே கேமராவில் பார்த்தார்கள். 1993இல் அக்காட்சி இணையத்துக்கும் வந்தது. சோம்பலில் பிறந்த ஏற்பாடுதான். ஆனால் முன்னறிவாக, அதாவது ஏற்கெனவே அறியப்பட்டதாக, எண்ணப்படக் கௌரவமான நோக்கம் தேவையில்லை.

பழைய பாகங்களின் சேர்க்கையை எப்படி மதிப்பிடுவது என்ற கேள்வி எழுந்த கேஎஸ்ஆர் எதிர் டெலிஃப்ளெக்ஸ் வழக்கு (2007) வாகன மிதியில் மின்னணு உணரி பொருத்துவது பற்றியது. பழையவற்றை இணைக்கத் தூண்டும் குறிப்பு இருந்தாக வேண்டும் என்ற கீழ் நீதிமன்றத்தின் இறுக்கமான பிடியை உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தளர்த்தியது. அறிந்த பாகங்கள் வழக்கமான வேலையைச் செய்து எதிர்பார்த்த பலனையே தந்தால் அச்சேர்க்கைக்கான காப்புரிமை பெரும்பாலும் நிலைக்காது. காப்புரிமை உரிமையாளர் தரப்பின் வலுவான பதில், இப்படி மதிப்பிடுவது விடையைத் தெரிந்துகொண்டு கேள்விக்குத் திரும்பும் பின்னோக்குப் பார்வை என்பதே.