யானைக்காலும் நெறிக்காய்ச்சலும்

யானைக்கால் நோயைத் தருவது நூல்போன்ற ஒரு புழு. கொசுவின் உடலில் அது வளர்வதை 1877-இல், சீனத்து அமோய் துறைமுகத்தில், பாட்ரிக் மேன்சன் கண்டார். நம் சதுப்பு நிலத்துப் புழு வேறு இனம் என்பதை 1927-இல் புருக் என்ற டச்சு அறிஞர் காட்டினார். புரூகியா மலாயி என்னும் பெயரில் அவர் பெயரும் மலாய் மண்ணும் சேர்ந்திருக்கின்றன.

மலாயாவில் 1960-இல் ஒழிப்புத் திட்டம் தொடங்கியது. புழுக்குஞ்சுகள் இரவில்தான் இரத்தத்தில் மிகுதியாகத் திரியும். ஆகவே, இருட்டிய பிறகே விரலில் குத்தி இரத்தம் எடுத்தார்கள். டைஎதில்கார்பமசின் மாத்திரையும் கொடுத்தார்கள்.

மாத்திரை புழுவுக்குத்தான். வீங்கிய காலில் அடிக்கடி வருகிற காய்ச்சலுக்கு? அதையும் புழுவின் வேலையென்றே வெகுகாலம் எண்ணினோம். மந்திரித்துக் கயிறு கட்டியதில் காசு செலவானதுதான் மிச்சம். உண்மையில், நிணநீர் ஓட்டம் கெட்ட கால் கிருமியை எதிர்க்க வலுவற்றது. விரலிடுக்குச் சேற்றுப்புண் வழியே ஸ்ட்ரெப்டோகாக்கஸ் நுழையும், அரையில் நெறி கட்டும், குளிர்காய்ச்சல் அடிக்கும். ஒவ்வொரு காய்ச்சலுக்குப் பிறகும் கால் மேலும் தடிக்கும்.

1990களில் பிரேசிலின் ரெசிபேயிலும், இதே மலாய்ப் புழு இருந்த கேரளத்து ஆலப்புழைப் பகுதியிலும் மருத்துவர்கள் எளிய வழியைக் காட்டினார்கள். தினமும் சோப்புப் போட்டுக் கழுவி, விரலிடுக்கை ஈரமின்றித் துடைத்தவர்களுக்குக் காய்ச்சல் குறைந்தது. காய்ச்சல் வந்துவிட்டாலோ, காலைத் தேய்க்காமல் உயர்த்தி வைத்து, கிளினிக்கில் காட்டி ஆன்டிபயாட்டிக் வாங்கிக்கொள்ள வேண்டும்.