பாஞ்சாலி கேட்டது பணயத்தை

பாரதக் கூத்தில் சூதாட்டம் நடக்கிற இரவில் காய் எப்படி விழுந்தது என்று யாரும் உற்றுப் பார்ப்பதில்லை. சகுனி உருட்டுகிறான், ஜெயிக்கிறான், அவ்வளவுதான். சனம் காத்திருப்பது அடுத்து எதை வைக்கப்போகிறான் என்பதற்கு. நகை, தேர், நாடு, தம்பிமார், தான், கடைசியில் பாஞ்சாலி. விட்டதைப் பிடிக்கிற வெறியில் ஏறிக்கொண்டே போகும் இந்த வரிசைதான் கதை. பாரதியின் ‘பாஞ்சாலி சபத’த்திலும் (முதல் பாகம், 1912) அப்படியே. இழுத்துவரப்பட்டவள் சபையில் எழுப்பிய கேள்வி காயைப் பற்றியதல்ல. தன்னையே தோற்றவன் என்னை எப்படிப் பணயம் வைத்தான் என்பதே அவள் வழக்கு.

நம் நீதிமன்றங்களோ காயைப் பற்றியே கேட்டு வந்திருக்கின்றன. 1930ஆம் ஆண்டின் சென்னை சூதாட்டச் சட்டம் திறமை ஆட்டங்களுக்கு விலக்குக் கொடுத்தது. இப்படிப்பட்ட விலக்குகளிலிருந்து ‘திறமையா, அதிர்ஷ்டமா’ என்கிற சொல்லாடல் கிளைத்தது. 1968இல் ஆந்திர வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் ரம்மியைத் திறமை ஆட்டம் என்றது: விழுந்த சீட்டுகள் நினைவில் இருக்க வேண்டும், எதை வைத்துக்கொள்வது எதைக் கழிப்பது என்று தெரிய வேண்டும். மூணு சீட்டு முழுக்க அதிர்ஷ்டம் என்று அதே தீர்ப்பு ஒதுக்கியது.

ஒதுக்கப்பட்ட அந்த மூணு சீட்டில் ஒரு விதி உண்டு. சீட்டைப் பார்க்காமல் ‘பிளைண்ட்’ ஆடுகிறவன் பத்து ரூபாய் வைத்தால், பார்த்து ஆடுகிறவன் குறைந்தது இருபது வைக்கணும். தெரிந்தவன் தெரியாதவனைவிட இரண்டு மடங்கு கட்டணும். அறிவுக்கு விதிக்கப்பட்ட வரி இது. திண்ணையில் உட்கார்ந்து ஆடியவர்கள் பணயத்தின் அளவை ஒரு நியாயப் பிரச்சினையாக வைத்திருந்தார்கள் என்று இதை வாசிக்கலாம். எந்தத் தீர்ப்பும் அப்படி வாசித்ததில்லை.

போக்கரில் இந்த வரி கிடையாது. அங்கே அறிவு தன் விலையைத் தானே நிர்ணயிக்கிறது. நடுவில் நூறு ரூபாய் கிடக்கிறது, ஒரே ஒரு சீட்டு வர வேண்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஐந்தாவது பூச்சீட்டு வந்தால் எதிராளிக்கு ஜெயம். அது வரும் வாய்ப்பு ஏறக்குறைய ஐந்தில் ஒன்று. நான் இருபத்தைந்து கட்டினால், 125 கிடைக்க அவன் 25 போட வேண்டும். ஆறில் ஒரு தடவை ஜெயித்தாலே போதும். தொடர்வது அவனுக்கு லாபம். நான் ஐம்பது கட்டினால் நாலில் ஒரு தடவை ஜெயிக்க வேண்டும், தொடர்ந்தால் நஷ்டம். சீட்டு அதேதான், வாய்ப்பு அதேதான். பணயத்தின் அளவு மட்டும் மாறி, அவன் செய்த சரியான காரியத்தைத் தப்பாக்கிவிட்டது. திறமை என்று பேசப்படுவதில் பெரும்பங்கு இதுதான். நோய்மனும் மார்கன்ஸ்டெர்னும் 1944இல் எழுதிய விளையாட்டுக் கோட்பாட்டு நூலிலும் போக்கருக்கென்று ஒரு பகுதி உண்டு. சுருக்கப்பட்ட அந்த ஆட்டத்தில் இருப்பது இரண்டே அளவுகள்: பெரிய பணயம், சிறிய பணயம்.

மணப்பாறை மாட்டுச் சந்தைக்கு வையம்பட்டிப் பக்கத்துச் சம்சாரிகள் மாடு ஓட்டிப் போவார்கள். அங்கே தரகர் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவார். மாடு எல்லார் கண்ணிலும் படும், விலை மறைந்திருக்கும். போக்கர் இதற்கு நேர் எதிர். விலை வெளிச்சத்தில் இருக்கும், மாடு துண்டுக்குள்.

சரி, சின்னக் காசு ஆட்டத்துக்கு வருவோம். ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் மேசையில் கைபேசியோடு உட்காருகிறவன் லேசில் சீட்டைப் போட்டுவிட்டு விலக மாட்டான். என்னதான் வருதுன்னு பார்ப்போமே என்று தொடர்வான். எனவே அங்கே பொய்யாக மிரட்டாதே, நல்ல சீட்டு வந்தால் பெரிதாகக் கட்டு என்பதே தேர்ந்தவர்களின் பாடம். அதாவது, எளியவனின் ஆசைக்கு அதிக விலை போடு. இதைத் திறமை இல்லை என்று நான் சொல்லவில்லை. யாருடைய காசில் வளரும் திறமை என்பதே கேள்வி.

திறமைசாலிக்கும் மேலே ஒருவர் இருக்கிறார். ஜெயித்த பொருளில் நூற்றுக்கு ஐந்தைச் சூதாட்ட அதிகாரி எடுத்துக்கொள்ள வேண்டும் என்கிறது கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம். வேறு இடத்தில் ஆடினால் தண்டம். இன்றைய போக்கர் மேசைகளிலும் கமிஷன் சாதாரணமாக நூற்றுக்கு ஐந்தை ஒட்டியே இருக்கிறது! ஆனால் கமிஷனுக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. லட்ச ரூபாய் ஆட்டத்தில் அந்த வரம்பு சீக்கிரம் எட்டிவிடும், மிச்சத்துக்குக் கமிஷன் இல்லை. இருபது ரூபாய் ஆட்டம் வரம்பைத் தொடுவதே இல்லை, முழு விகிதமும் கட்டுகிறது. பத்து பேர் இரவு முழுக்கத் தங்களுக்குள் மாற்றிமாற்றி ஜெயித்தாலும் மேசையில் காசு குறைந்துகொண்டே போகும். 1956இல் கெல்லி என்பவர் பணய அளவுக்கு ஒரு சூத்திரம் கொடுத்தார். அதன்படி, ஆட்டம் உனக்குச் சாதகமாக இல்லையென்றால் வைக்க வேண்டிய அளவு பூஜ்யம்.

2021 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் அந்த ஆண்டின் தடைச் சட்டத்தை ரத்து செய்தது. 2023 நவம்பரில் புதிய சட்டத்தை ஏற்றுக்கொண்டு, ரம்மியையும் போக்கரையும் திறமை ஆட்டம் என்று தடையிலிருந்து விடுவித்தது. இடையில், அதே ஆண்டு அக்டோபர் 1 முதல், போடும் பணம் முழுவதுக்கும் 28 சதவீத ஜிஎஸ்டி வந்தது. அரசும் மேசைக்கு வந்து உட்கார்ந்துகொண்டது, சூதைக் கண்டித்தபடியே. 2025 பிப்ரவரியில் வந்த தமிழ்நாட்டு விதிமுறைகள் நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை பண ஆட்டத்தை மூடின. பணயத்தின் அளவு இங்கே சட்டத்தின் கண்ணில் பட்டது. ஆனால் எப்படி? நாளுக்கு, வாரத்துக்கு, மாதத்துக்கு இவ்வளவு என்று ஆடுகிறவரே வரம்பு வைத்துக்கொள்ளலாமாம். தருமன் கையில் பேனாவைக் கொடுத்த மாதிரி.

அந்த விதிமுறைகளை உயர் நீதிமன்றம் ஜூனில் உறுதி செய்தது. ஆகஸ்டில் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் திறமை, அதிர்ஷ்டம் என்ற பேதத்தையே தூக்கிப் போட்டுவிட்டு, பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டம் எல்லாவற்றையும் தடை செய்தது. ஆடுகிறவருக்குத் தண்டனை இல்லை, நடத்துகிறவருக்கு உண்டு. பெரிய செயலிகள் பண மேசைகளை மூடிக்கொண்டன. அதுவரை எடுத்த கமிஷனையும் வரியையும் தோற்றவர்களுக்குத் திருப்பித் தருவது பற்றி அங்கே பேச்சில்லை.