கோட் ரெட்டும் மறுகால் இல்லாத குளமும்

மக்களே, கோட் ரெட் புழுவை ஞாபகம் இருக்கா? 2001 ஜூலை 19 அன்னிக்கு 14 மணி நேரத்துக்குள்ள 3,59,000-க்கும் மேற்பட்ட கணினிகள்ல புகுந்த புழு. உச்சத்தில் நிமிஷத்துக்கு 2,000 கணினி! பேர்க்காரணம் வேற ஒண்ணுமில்லை. இதை ராத்திரி முழுக்க உக்காந்து பிரிச்சு மேய்ஞ்ச ஈஐ டிஜிட்டல் நிறுவன ஆட்கள் அப்போ குடிச்ச மவுண்டன் டியூ வகையோட பேர் அது :-)

இந்தப் புழு நுழைஞ்ச ஓட்டையை நம்ம ஊர்க்காரங்களுக்குச் சொல்றது சுலபம். தாமிரபரணி அணைக்கட்டுல பிரியுற கால்வாய் குளத்துக்குக் குளம் போகும். ஒரு குளம் நிறைஞ்சா மறுகால் பாய்ஞ்சு மிச்சத் தண்ணி அடுத்த குளத்துக்குப் போயிரும். அந்த வழி போதலைன்னா கரை உடையும். 2023 டிசம்பர் வெள்ளத்துல பார்த்தோம்லா?

சி மொழியில நினைவகத்துல ஒதுக்குற இடமும் ஒரு குளம்தான். ஆனா மறுகாலை மொழி கட்டித் தராது, நிரல் எழுதுறவர்தான் கட்டணும். மறந்துட்டா, வர்ற எழுத்துகள் கரையை உடைச்சு பக்கத்து இடத்துல ஏறும். பக்கத்துல இருக்கிறது, நிரல் அடுத்து எங்கே போகணும்ங்கிற முகவரி. அதை மாத்தி எழுதிட்டா, கணினி வெளியாள் சொன்ன இடத்துக்குப் போகும், அவன் அனுப்பின கட்டளையை ஓட்டும். உடைப்பு வெள்ளம் எந்த வயலுக்குப் போகணும்னு திருடனே முடிவு பண்ற மாதிரி.

இது 2001-ல கண்டுபிடிச்ச வித்தை இல்லை. 1988 நவம்பர்லயே மாரிஸ் புழு, ஃபிங்கர் சேவையில 512 பைட் இடத்தை நிரப்பி வழிய வச்சு உள்ளே போச்சு. 1995 பிப்ரவரியில என்சிஎஸ்ஏ வலைவழங்கியில இதே ரக ஓட்டை வெளியானது. அந்த வழங்கிக்குப் போட்ட ஒட்டுகள்ல இருந்துதான் அதே வருஷம் அபாச்சி பிறந்தது. 1996-ல ஃபிராக் இதழ், இதை எப்படிச் செய்யணும்னு பாடமாவே போட்டுது. அதுக்கப்புறமும் 2001-ல மைக்ரோசாப்டோட ஐஐஎஸ் வழங்கியில அதே தப்பு.

ஜூன் 18-ஆம் தேதியே மைக்ரோசாப்ட் ஒட்டு வெளியிட்டாச்சு. புழு முதல்ல வந்தது ஜூலை 13-ல. ஒரு மாசம் டைம் இருந்தும் போடலையேன்னு எல்லாரும் நிர்வாகிகளைத் திட்டினாங்க. எனக்கு இதுல பாதிதான் சம்மதம். விண்டோஸ் 2000 சர்வரை நிறுவினாலே ஐஐஎஸ்ஸும் கூடவே ஏறிக்கும். ஓட்டை இருந்த தேடல் இணைப்பும் அதோட வரும். தேடல் சேவையை நிறுத்தி வச்சிருந்தாலும் ஓட்டை திறந்தே இருக்கும். தன் வீட்டுக்கு அப்படி ஒரு வாசல் இருக்குன்னே தெரியாதவன் எப்படிப் பூட்டுவான்?

அப்போ பாளையங்கோட்டையில நாங்க நாலு பேர் ஒரு பழைய பெட்டியில லினக்ஸும் அபாச்சியும் போட்டு விளையாடிக்கிட்டிருந்தோம். அதோட லாக்ல திடீர்னு நீள நீளமா வரிகள். 'டீஃபால்ட்.ஐடிஏ'ன்னு ஆரம்பிச்சு, இருநூறுக்கும் மேல 'என்' எழுத்து, கடைசியில ஏதோ கிறுக்கல். அந்த 'என்'கள்தான் குளத்தை நிரப்புற தண்ணி, கிறுக்கல்தான் உடைப்பு. அபாச்சிங்கிறதால எங்களுக்கு ஒண்ணும் ஆகலை. "என்னலே இது, பல்லைக் கடிக்குது"ன்னான் கூட்டாளி. ஆகஸ்ட் 4-க்கு அப்புறம் 'என்' போய் 'எக்ஸ்' வந்துச்சு. அது கோட் ரெட் 2, பின்வாசல் திறந்து வச்சுட்டுப் போற ரகம். ஓட்டையைத் தவிர முதல் புழுவோட அதுக்குச் சம்பந்தம் கிடையாது.

முதல் புழு வட்டுல எதையும் எழுதாது, நினைவகத்துல மட்டும் இருக்கும். கணினியை அணைச்சுப் போட்டா போயிரும். ஆனா ஒட்டு போடலைன்னா கொஞ்ச நேரத்துல திரும்ப வந்துரும். மாசத்துல 1-லிருந்து 19 வரை பரவும், 20-லிருந்து 27 வரை வெள்ளை மாளிகைத் தளத்தைத் தாக்கும். ஆனா பேரைப் பார்க்காம ஐபி எண்ணை மட்டும் குறி வச்சிருந்துச்சு. அவங்க எண்ணை மாத்திட்டாங்க, கதை முடிஞ்சது!

செப்டம்பர் 18-ல நிம்டா வந்து ஐஐஎஸ்ஸை மறுபடி உலுக்கினப்புறம், கார்ட்னர் நிறுவனம் வேற வழங்கிக்கு மாறச் சொல்லுச்சு. 2002 ஜனவரியில, புது வசதியை விட பாதுகாப்பு முக்கியம்னு பில் கேட்ஸ் ஊழியர்களுக்கு மடல் எழுதினார். 2003-ல வந்த விண்டோஸ் சர்வர்ல, வெப் எடிஷன் தவிர, ஐஐஎஸ் தானா ஏறாது. நாமளா கேட்டு ஏத்தினாலும் சாதாரணப் பக்கங்களை மட்டும்தான் கொடுக்கும், மத்த வாசல்களை ஒவ்வொண்ணா நாமதான் திறக்கணும்.