குளிர்சாதன அறையில் செடி வளர்ப்பும் காற்றின் ஈரப்பதமும்: பினாங்கு

உள்ளறைச் செடி வளர்ப்பில் ஈரப்பதக் குறைவு என்பது, அறைக்காற்றிலுள்ள நீராவி செடியின் தேவைக்குக் கீழே இறங்கிவிடும் நிலையாகும். குளிர்நாடுகளில் இதற்குக் காரணம் கணப்பு அடுப்பு. ஆண்டு முழுதும் புழுக்கம் நீங்காத பினாங்கின் ஜார்ஜ் டவுனில் காரணம் குளிர்சாதனம். நடுவே வானம் பார்த்த முற்றம் வைத்துக் கட்டப்பட்ட பழைய கடைவீடுகளில், மழையும் வெளிக்காற்றும் உள்ளே இறங்கியதால், இச்சிக்கல் எழவே இல்லை. சன்னல்களை அடைத்துக்கொண்டு வாழும் அடுக்குமாடிக் குடியிருப்புகளோடுதான் அது வந்தது.

ஒப்பு ஈரப்பதம் என்பது, ஒரு வெப்பநிலையில் காற்று கொள்ளக்கூடிய நீராவியில் எத்தனை பங்கு உள்ளது என்பதை விழுக்காட்டில் காட்டும் அளவு. வெளியே 31 பாகை செல்சியஸில் 75 விழுக்காடு ஈரம் கொண்ட காற்றின் பனிநிலை, அதாவது நீராவி துளியாக மாறத் தொடங்கும் வெப்பநிலை, ஏறத்தாழ 26 பாகை. அக்காற்று குளிர்சாதனத்தின் குளிர்ந்த குழாய்ச்சுருளைத் தொட்டதும் அதன் நீராவியில் பெரும்பங்கு துளியாகி வடிகுழாய் வழியே வெளியேறுகிறது. பனிநிலை 13 பாகையளவில் திரும்பும் காற்று, 24 பாகையுள்ள அறையில் 50 விழுக்காடு ஈரத்தையே தரும். சுவருக்கு வெளியே சொட்டிக்கொண்டிருக்கும் நீர் செடியிடமிருந்து பறிக்கப்பட்ட நீர் எனலாம்.

செடி உணர்வது இந்த விழுக்காட்டை அன்று, ஆவி அழுத்தக் குறைவை. காற்று இன்னும் எவ்வளவு நீராவியை இழுக்க வல்லது என்பதே அது. 24 பாகையில் 90 விழுக்காடு ஈரமுள்ள மலைக்காட்டில் அது 0.3 கிலோபாஸ்கல், அதே வெப்பநிலையில் மேற்கண்ட அறையில் 1.5, அதாவது ஐந்து மடங்கு. வேர் அந்த வேகத்திற்கு நீர் வழங்க இயலாதபோது இலைத்துளைகள் மூடிக்கொள்கின்றன, இலையோரம் கருகுகிறது, வறண்ட காற்றில் பெருகும் செஞ்சிலந்திப் பேன் இலையடியில் குடியேறுகிறது. பினாங்கு மலைக்காட்டில் தாமாக வளரும் குடுவைச் செடிகளைப் போன்றவை இத்தகைய அறையில் இலை விட்டாலும் குடுவை விடுவதில்லை. இலைநுனிக் காம்பு முனையிலேயே காய்ந்துபோகும்.

தீர்வாகப் பலரும் முதலில் நாடுவது நீர் தெளித்தல். அதன் பயன் சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். கூழாங்கல் பரப்பிய நீர்த்தட்டின் பயனும் அற்பமே. மீயொலி ஈரமூட்டி வலுவானதுதான், ஆனால் அது சேர்க்கும் ஈரத்தைக் குளிர்சாதனம் மீண்டும் பிழிந்தெடுப்பதால் இரு கருவிகளும் ஒன்றோடொன்று போரிட, மின்கட்டணம் ஏறுகிறது. குழாய்நீரின் தாதுக்கள் வெண்தூளாக இலைமேல் படிகின்றன. மரச்சட்டமும் சுண்ணாம்புச் சுவரும் உள்ள பழைய வீடுகளில் பூஞ்சையும் பிடிக்கிறது. ஆகவே அறையை நனைப்பதைவிடச் செடியைச் சுற்றியுள்ள காற்றை வேலியிடுவதே சிக்கனமான வழி. கதவுள்ள கண்ணாடி அலமாரியில், தேங்கிய காற்றில் இலை அழுகாதபடி ஒரு சிறு விசிறியை ஓடவிட்டால், செடிகளின் நீராவிப்போக்கே 80 விழுக்காடு அளவுக்கு ஈரத்தைக் காத்துக்கொள்ளும்.

இம்முறை புதிதன்று. 1829 அளவில் இலண்டன் மருத்துவர் நத்தானியேல் வார்டு, மூடிய கண்ணாடிப் புட்டியில் பெரணி தானே முளைத்திருந்ததைக் கண்டு உருவாக்கிய வார்டியன் பெட்டி, கப்பலின் உப்புக்காற்றிலிருந்து கன்றுகளைக் காத்தது. 1876இல் இலண்டனின் கியூ தாவரவியல் தோட்டத்திலிருந்து இலங்கைக்கு ஏறத்தாழ 1,900 ரப்பர் கன்றுகள் 38 வார்டியன் பெட்டிகளில் அனுப்பப்பட்டன. மறு ஆண்டு 22 கன்றுகள் சிங்கப்பூரை அடைந்தன. பின்னர் மலாயாவின் ரப்பர் தோட்டங்களுக்குத் தமிழ்த் தொழிலாளர் பெருந்திரளாக வந்ததன் பின்னணியில், ஈரத்தை உள்ளே பூட்டிவைத்த இக்கண்ணாடிப் பெட்டியும் இருக்கிறது.

அளவிடாமல் ஈரமூட்டுதல் தகாது. மலிவான ஈரமானிகள் பிழை காட்டுவதுண்டு. சிறு மூடியில் சமையலுப்பை இட்டு, கரையாமல் குழையும் அளவுக்கு மட்டும் நீர் சேர்த்து, ஈரமானியுடன் காற்றுப்புகாத பையில் அடைத்து ஒருநாள் வைத்தால், உட்காற்று 75 விழுக்காட்டில் நிலைகொள்ளும்; கருவி காட்டும் எண் அதிலிருந்து எவ்வளவு விலகுகிறதோ அதுவே அதன் பிழை. திருத்திய கருவியைச் சுவரில் அன்றி, இலைகளின் உயரத்திலேயே, குளிர்சாதனத்தின் காற்று நேரே படாத இடத்தில் தொங்கவிட வேண்டும்.