ரத்தக் கூறு பிரிப்புக் கருவிகள்

உடலிலிருந்து எடுத்த ரத்தத்தைச் சிவப்பணு, வெள்ளையணு, தட்டணு, பிளாஸ்மா எனத் தனித்தனியாகப் பிரித்து, வேண்டியதை வைத்துக்கொண்டு மீதியைச் சேமிக்கவோ உடலுக்கே திருப்பிச் செலுத்தவோ உதவுபவை ரத்தக் கூறு பிரிப்புக் கருவிகள். ஆய்வுக்கூட மேசைமேல் சுழலும் சிறு மையவிலக்கி முதல், கொடையாளியின் கையோடு இணைந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடும் அஃபெரிசிஸ் இயந்திரம் வரை எல்லாம் இந்த வகையில் சேரும். இவற்றின் வரலாற்றைப் புரட்டினால், ரத்தத்தைப் பிரிப்பது பெரிய சிக்கலாகவே இருந்ததில்லை என்பது தெரியும். பிரிக்கும் நேரத்தில் அது உறையாமல், ஒழுகாமல், கிருமி புகாமல், ஒருவருடையது இன்னொருவருக்குப் போய்விடாமல் பார்த்துக்கொள்வதில்தான் கண்டுபிடிப்பாளர்களின் உழைப்பில் பெரும்பகுதி செலவானது.

அடர்த்தி செய்யும் வேலை

உறையாமல் தடுக்கப்பட்ட ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் நிறுத்திவைத்தால் தானே பிரியத் தொடங்கும். சிவப்பணுக்கள் கனமானவை, மெல்ல அடியில் இறங்கும். இ.எஸ்.ஆர். சோதனை இந்த இறக்கத்தைத்தான் அளக்கிறது. சுவீடன் மருத்துவர் வெஸ்டர்கிரென் 1921-இல் வகுத்த முறைப்படி, ஒரு மணி நேரத்தில் சிவப்பணு எத்தனை மில்லிமீட்டர் இறங்கியது என்று பார்ப்பார்கள்.

ஒரு மில்லிலிட்டர் பிளாஸ்மாவின் எடை சுமார் 1.03 கிராம், சிவப்பணுவுக்கு அது சுமார் 1.10 கிராம். வெள்ளையணுவும் தட்டணுவும் இடையில் நிற்கின்றன. வேறுபாடு இவ்வளவு சிறியதாக இருப்பதால் புவியீர்ப்பை மட்டும் நம்பினால் நேரமாகும். அதனால்தான் சுழற்சி தேவைப்படுகிறது. 10 செ.மீ. ஆரமுள்ள மையவிலக்கியை நிமிடத்துக்கு 3000 சுற்று ஓட்டினால் குழாயின் நுனியில் புவியீர்ப்பைப்போல் சுமார் 1000 மடங்கு விசை கிடைக்கும். பத்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். வெளியே எடுத்துப் பார்த்தால் மேலே வைக்கோல் நிறத்தில் பிளாஸ்மா, கீழே அடர்சிவப்பு, இரண்டுக்கும் நடுவே சாம்பல் கலந்த வெள்ளையில் ஒரு மெல்லிய படலம். வெள்ளையணுக்களும் தட்டணுக்களும் இந்தப் படலத்தில்தான் இருக்கின்றன. மொத்த ரத்தத்தில் ஒரு சதவீதம்கூட இல்லாத இந்தப் படலத்தைக் கலங்காமல் எடுப்பதற்காகவே பிற்காலத்தில் பெரிய இயந்திரங்கள் பிறந்தன.

பரிசோதனைக்கூட அளவில் சிக்கலைத் தீர்த்தவை இரண்டு. ஜோசப் கிளைனர் 1940களில் உருவாக்கிய வெற்றிடக் குழாய் முதலாவது. ஊசி ஏறியதும் தேவையான அளவு ரத்தத்தைத் தானே இழுத்துக்கொள்ளும். இரண்டாவது, அதன் அடியில் வைக்கப்பட்ட ஜெல். இதன் அடர்த்தி உறைந்த ரத்தத்திலிருந்து பிரியும் சீரம் என்ற நீருக்கும் ரத்தக் கட்டிக்கும் நடுவில் இருக்குமாறு அமைக்கப்பட்டது. சுழலும்போது ஜெல் இளகி மேலேறி இரண்டுக்கும் இடையில் சுவராக நின்றுவிடும். அதன்பின் குழாயைச் சாய்த்தாலும் சீரம் கலப்பதில்லை. மஞ்சள் மூடி போட்டு இன்றும் எல்லா லேபிலும் இது புழங்குகிறது.

பாட்டிலுக்குப் பதில் பை

சிட்ரேட் சேர்த்தால் ரத்தம் உறையாது என்பதும், அப்படிச் சேர்த்த ரத்தத்தை மனிதருக்கு ஏற்றலாம் என்பதும் 1914–15-இல் பெல்ஜியத்தின் அல்பெர் ஹுஸ்தான், அர்ஜென்டினாவின் லூயிஸ் அகோட்டே, நியூயார்க்கின் ரிச்சர்ட் லூயிசன் ஆகியோரின் பணியால் உறுதியாயிற்று. அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் ரத்தம் கண்ணாடி பாட்டிலில்தான் இருந்தது. பாட்டில் உடையும். அதிலிருந்து ரத்தம் இறங்க வேண்டுமானால் உள்ளே காற்று போக வேண்டும். காற்றோடு கிருமியும் போகும். காற்றுக் குமிழி நோயாளியின் நாளத்துக்குள் புகும் ஆபத்து வேறு. கூறுகளைப் பிரிக்கும் ஒவ்வொரு முறையும் பாட்டிலைத் திறக்க வேண்டியிருந்தது.

ஹார்வர்டு அறுவை மருத்துவர் கார்ல் வால்டர், வில்லியம் மர்ஃபி ஜூனியருடன் சேர்ந்து 1950-இல் பி.வி.சி. பையைக் கொண்டுவந்தார். (ரத்தசோகைக்குக் கல்லீரல் உணவு சிகிச்சை கண்டதற்காக 1934-இல் நோபல் பரிசு பெற்றவர்களில் ஒருவர் மர்ஃபியின் தந்தை.) கொரியப் போர்க்களத்தில் பை தன் தகுதியைக் காட்டியது. மேலேயிருந்து விழுந்தாலும் உடையாது. காற்று புகாமல் தானே சுருங்கும். ஆனால் கூறு பிரிப்புக்கு அது செய்த உதவி இவற்றையெல்லாம் விடப் பெரியது. ஒரு பையோடு இன்னும் இரண்டு மூன்று பைகளைக் குழாயால் இணைத்துத் தயாரிப்பிலேயே மூடிவிட்டால், திறக்காமலே ரத்தத்தைப் பிரிக்கலாம்.

ரத்த வங்கியில் நடப்பது இதுதான். 350 அல்லது 450 மி.லி. ரத்தம் எடுத்த தாய்ப்பையைத் துணைப்பைகளோடு மையவிலக்கிக் கிண்ணத்துக்குள் செங்குத்தாக நிறுத்துவார்கள். எதிர்க்கிண்ணத்தின் எடையும் சமமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் இயந்திரம் அதிரும், படலம் கலங்கும். சுழற்சி முடிந்ததும் பையைக் குலுக்காமல் தூக்கி, வில் வைத்த தகடு ஒன்றில் மாட்டுவார்கள். தகடு அழுத்த அழுத்த மேலே நிற்கும் பிளாஸ்மா குழாய் வழியே துணைப்பைக்கு ஏறும். தொழில்நுட்பருடைய கண் அந்தச் சிவப்புக் கோட்டின் மேலேயே இருக்கும். கோடு பையின் கழுத்தை எட்டுமுன் கிளிப்பை மூட வேண்டும். பிறகு ரேடியோ அலைச் சூட்டில் குழாயை உருக்கி ஒட்டித் துண்டிப்பார்கள். பிளாஸ்மா மைனஸ் 30 டிகிரிக்கும் கீழே ஓர் ஆண்டு இருக்கும். சிவப்பணு, சேர்ப்புக் கரைசலோடு குளிர்பெட்டியில் 42 நாள் தாங்கும். தட்டணுவுக்குக் குளிர் ஆகாது. 20 முதல் 24 டிகிரியில், மெல்ல ஆடிக்கொண்டே இருக்கும் தட்டில், ஐந்து நாள்தான். இதை ஸ்காட் மர்ஃபியும் ஃபிராங்க் கார்ட்னரும் 1969-இல் காட்டும் வரை தட்டணுவையும் குளிரில்தான் வைத்திருந்தார்கள்.

பி.வி.சி.யை மென்மையாக்கச் சேர்க்கும் தாலேட் வேதிப்பொருள் பையிலிருந்து ரத்தத்தில் கசிகிறது என்பது 1970 வாக்கில் தெரியவந்தது. ஆனால் அதே பொருள் சிவப்பணுவின் சவ்வில் ஒட்டி அது உடையாமல் காக்கிறது என்பதும் பின்னர் தெரிந்தது. தீங்கு என்று விலக்கவும் முடியாமல், நன்மை என்று கொண்டாடவும் முடியாமல் ரத்த வங்கித் துறை இன்றுவரை இதோடு திண்டாடுகிறது.

இந்தியாவில் பை பரவ நாளானது. இறக்குமதிப் பை விலை கூடுதல் என்பதால் 1980களிலும் பாட்டில்கள் புழங்கின. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம் உள்நாட்டிலேயே பை செய்யும் நுட்பத்தை உருவாக்கிப் பென்பால் நிறுவனத்துக்குக் கொடுத்தது. அதுவே பின்னர் டெருமோ பென்பால் ஆயிற்று. பணத்துக்காக ரத்தம் கொடுப்பதை ஒழிக்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் 1996-இல் தீர்ப்பளித்து, 1998 ஜனவரி முதல் அது நடைமுறைக்கு வந்தபின், தன்னார்வமாகக் கிடைக்கும் ஒவ்வொரு பை ரத்தத்தையும் பிரித்து இரண்டு மூன்று பேருக்குக் கொடுப்பது இன்னும் அவசியமாயிற்று.

கொடையாளியோடு இணைந்த இயந்திரம்

பையில் எடுத்துப் பிரிப்பதற்கு ஓர் எல்லை உண்டு. ஒருவரிடமிருந்து ஒரு தடவைக்குப் பொதுவாக 450 மி.லி.க்கு மேல் எடுப்பதில்லை. அதற்குள் இருக்கும் தட்டணுவும் வெள்ளையணுவும் சொற்பம். வேண்டாததைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் பல லிட்டர் ரத்தத்தை வடிகட்டி எடுக்கலாம் அல்லவா? பால்டிமோரில் ஜான் ஏபலும் அவர் குழுவும் 1914-இல் நாய்களிடம் இதைச் செய்து காட்டினார்கள்: ரத்தம் எடுத்து, பிரித்து, பிளாஸ்மாவை நீக்கி, அணுக்களை மட்டும் திரும்பச் செலுத்தினார்கள். மனிதரிடம் இதை முறைப்படுத்தி 1952-இல் வெளியிட்டவர் பார்சிலோனாவின் ஹோசே அந்தோனியோ கிரிஃபோல்ஸ் லூக்காஸ்.

ஆனால் இதைக் கையால் செய்வது ஆபத்து. எடுத்த ரத்தம் கொடையாளியை விட்டு விலகி இன்னோர் அறையில் இருக்கும் மையவிலக்கிக்குப் போய்வர வேண்டும். அந்த நடையில் எது வேண்டுமானாலும் நடக்கலாம். 1990களில் சீனாவின் ஹேனான் மாகாணத்தில் நடந்தது இதன் கொடிய எடுத்துக்காட்டு. பிளாஸ்மா விற்க வந்த ஏழை விவசாயிகளின் ரத்தத்தைப் பிரிவு வாரியாக ஒன்றாகக் கலந்து சுழற்றி, பிளாஸ்மாவை எடுத்துக்கொண்டு, கலந்த சிவப்பணுவை எல்லோருக்கும் திருப்பி ஏற்றினார்கள். கிராமம் கிராமமாக எச்.ஐ.வி. பரவியது. அதை வெளியே சொன்ன மருத்துவர் காவ் யாவ்ஜியே பல ஆண்டுகள் நெருக்கடிக்கு ஆளானார். அங்கே மையவிலக்கி தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. தவறியது கையாளுதல்.

கொடையாளிக்குப் பக்கத்திலேயே, மூடிய பாதைக்குள் பிரிக்கும் யோசனை பால்பண்ணையிலிருந்து வந்தது. சுவீடன் பொறியாளர் குஸ்தாஃப் டி லாவல் 1878-இல் செய்த பாலாடை பிரிப்பான், ஓடிக்கொண்டிருக்கும் பாலை நிறுத்தாமலே பிரிக்கும். இரண்டாம் உலகப்போரில் பிளாஸ்மாவிலிருந்து அல்புமினைப் பிரித்துக் கொடுத்த ஹார்வர்டு வேதியியலாளர் எட்வின் கோன், தம் கடைசி ஆண்டுகளில் அதே கொள்கையை ரத்தத்துக்குக் கொண்டுவந்தார். அவருடைய உலோகக் கிண்ணம் வேலை செய்தது. ஆனால் ஒவ்வொரு முறையும் கழற்றிக் கழுவி, கிருமி நீக்கி, மறுபடி பூட்ட வேண்டும். ஆலன் லேதம் அதைப் பயன்படுத்தி எறியக்கூடிய பிளாஸ்டிக் கிண்ணமாக மாற்றி, 1971-இல் ஹீமோனெடிக்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார்.

இதே காலத்தில் இன்னொரு பாதையும் திறந்தது. ஐ.பி.எம். நிறுவனத்தின் எண்டிகாட் ஆய்வகத்தில் பொறியாளராக இருந்த ஜார்ஜ் ஜட்சனின் மகனுக்கு 1960களின் தொடக்கத்தில் ரத்தப் புற்றுநோய் கண்டது. பெதஸ்டாவிலுள்ள தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் எமில் ஃபிரைரீக்கைச் சந்தித்த ஜட்சன், நிறுவனத்தின் அனுமதியோடு அங்கேயே வந்து சேர்ந்தார். ஃபிரைரீக்கின் வார்டில் ரத்தப் புற்றுநோய்க் குழந்தைகளுக்கு வாயிலும் மூக்கிலும் ரத்தம் கசிந்தபடி இருந்தது. புதிதாக எடுத்த தட்டணு ஏற்றினால் கசிவு நிற்கும் என்று அவர் காட்டியிருந்தார். அடுத்துக் குழந்தைகளைக் கொன்றது தொற்று. வெள்ளையணு வேண்டும், பையில் எடுத்தால் அது போதாது. இருவரும் உருவாக்கிய தொடரோட்டப் பிரிப்பான் 1965-இல் வெளிவந்தது. ஒரு கையிலிருந்து வரும் ரத்தம் சுழலும் கிண்ணத்துக்குள் போகும்; உள்ளே மூன்று அடுக்காகப் பிரியும்; தனித்தனி பம்புகள் ஒவ்வோர் அடுக்கையும் இழுக்கும்; வேண்டாதது மறு கைக்குத் திரும்பும். மூடி கண்ணாடிபோல் தெளிவாக இருந்ததால் இயக்குபவர் வெண்படலம் எங்கே நிற்கிறது என்று பார்த்துப் பம்பின் வேகத்தைக் கூட்டிக் குறைத்தார்.

இவ்வளவும் ஆன பிறகு ஒரே ஓர் இடம் இடித்தது. சுழலும் கிண்ணத்தையும் சுழலாத குழாயையும் இணைக்கும் மூட்டு. ஒன்றோடொன்று உரசும் இரண்டு வட்டத் தகடுகள் ரத்தம் ஒழுகாமல் காக்க வேண்டும். உரசினால் சூடு வரும், தேயும், அணு உடையும். இடுக்கு வழியே கிருமி நுழையும். குழாயை நேரே கிண்ணத்தில் ஒட்டிவிட்டால் சில சுற்றிலேயே முறுக்கிக்கொள்ளும்.

விடை, பார்த்தால் நம்ப முடியாத வகையில் இருந்தது. கிண்ணம் இரண்டு சுற்று வரும் நேரத்தில், குழாயின் வளைவு அதைச் சுற்றி ஒரு சுற்று வந்தால் குழாயில் முறுக்கு ஏறாது. நிரம்பிய தட்டை உள்ளங்கையில் வைத்து, கவிழாமல் அக்குளுக்கு அடியில் ஒரு சுற்றும் தலைக்கு மேலே மறு சுற்றும் கொண்டுவந்தால் தட்டு இரண்டு முறை சுழன்றிருக்கும். கை மட்டும் முறுக்கில்லாமல் தொடங்கிய இடத்துக்கே வந்திருக்கும். இதே கணக்குதான். டேல் ஆடம்ஸ் இதற்கு 1971-இல் காப்புரிமை பெற்றார். யோயிச்சிரோ இட்டோவும் தோழர்களும் 1975-இல் ரத்தத்துக்குப் பொருத்திக் காட்டினர். ஹெர்பர்ட் கல்லிஸ் வடிவமைத்த மூட்டில்லா இயந்திரம் 1970களின் முடிவில் ஃபென்வால் நிறுவனத்தின் வழியே மருத்துவமனைகளுக்கு வந்தது. ஊசி முதல் பை வரை ஒரே மூடிய பிளாஸ்டிக் தொகுதி, ஓர் ஆளுக்கு ஒன்று, முடிந்ததும் எறிந்துவிடலாம். இந்தத் துறையின் மிக அழகான கண்டுபிடிப்பு எதுவென்று கேட்டால் இதைத்தான் சொல்ல வேண்டும்.

தட்டணுக் கொடை

தமிழ்நாட்டில் டெங்கு பரவும் மாதங்களில் "எஸ்.டி.பி. கிடைக்குமா?" என்று வாட்ஸ்அப் குழுக்களில் வரும் வேண்டுகோள், ஒரே கொடையாளியிடம் இந்த இயந்திரத்தால் எடுக்கும் தட்டணுவைக் குறிக்கிறது. ஒரு பை சாதாரண ரத்தத்திலிருந்து பிரித்தால் சுமார் 5,500 கோடி தட்டணு கிடைக்கும்; எஸ்.டி.பி. ஒன்றில் 30,000 கோடிக்குக் குறையக் கூடாது. ஐந்தாறு பேரிடம் வாங்குவதற்குப் பதில் ஒருவர் போதும். ஆனால் அவர் ஒரு மணி நேரத்துக்கு மேல் கையை நீட்டிப் படுத்திருக்க வேண்டும். திரும்பி வரும் ரத்தத்தோடு சிட்ரேட்டும் உடலுக்குள் போய்க் கால்சியத்தைப் பிடித்துக்கொள்வதால், "உதட்டுல மதமதன்னு இருக்காண்ணே?" என்று செவிலியர் இடையிடையே கேட்பார். ஆமென்றால் வேகத்தைக் குறைத்து, சப்பிச் சாப்பிடக் கால்சிய மாத்திரை கொடுப்பார்.

மின்சாரம் இல்லாத இடத்துக்கு

உகாண்டாவின் ஒரு சுகாதார நிலையத்தில், மின்சாரம் இல்லாததால் மையவிலக்கியைக் கதவுக்கு முட்டாக வைத்திருந்ததைப் பார்த்தவர் ஸ்டான்ஃபோர்டின் மனு பிரகாஷ். அவரும், சென்னை ஐ.ஐ.டி.யில் படித்த சாத் பாம்லாவும் 2017-இல் வெளியிட்ட காகித மையவிலக்கி, நூலில் கோத்துச் சிறுவர்கள் இழுத்து விளையாடும் பொத்தான் சுழலியின் வடிவம். எடை 2 கிராம், செலவு 20 அமெரிக்க சென்ட். நிமிடத்துக்கு 1,25,000 சுற்று வரை போகும். ஒன்றரை நிமிடத்தில் பிளாஸ்மா பிரியும். அதற்கு முன்பே, 2008-இல், ஹார்வர்டின் ஜார்ஜ் வைட்சைட்ஸ் குழு முட்டை அடிக்கும் கருவியில் குழாயைக் கட்டிச் சுழற்றிக் காட்டியது. இரண்டும் துளி அளவு ரத்தத்துக்கு, நோயைக் கண்டறிவதற்கு மட்டும். பையளவு ரத்தத்தைக் காகிதம் தாங்காது. பையைச் சுற்றியிருக்க வேண்டிய குளிர்பெட்டி, கிருமி நீக்கம், பெயர்ச்சீட்டு ஆகியவற்றை மலிவாக்கும் வித்தை இன்னும் வரவில்லை.

பெரிய இயந்திரங்கள் உள்ள மருத்துவமனைகளிலோ, வெள்ளையணுவுக்கு இன்று வேறொரு தேவை வந்திருக்கிறது. கார்-டி சிகிச்சையில் நோயாளியின் டி வெள்ளையணுக்களை அஃபெரிசிஸ் இயந்திரத்தால் பிரித்தெடுத்து, ஆய்வகத்தில் மரபணு மாற்றி, பெருக்கி, அவருக்கே திருப்பிச் செலுத்துகிறார்கள். அமெரிக்கா 2017-இல் முதல் மருந்துக்கு ஒப்புதல் கொடுத்தது, மும்பை ஐ.ஐ.டி.யும் டாடா நினைவு மருத்துவமனையும் சேர்ந்து உருவாக்கிய நெக்ஸ்கார்19-க்கு இந்தியா 2023-இல் ஒப்புதல் அளித்தது. எடுத்த அணுக்கள் ஆய்வகத்துக்குப் போய் உறைந்த பையாகத் திரும்பி வரச் சில வாரங்கள் ஆகும். அந்த வாரங்கள் முழுவதும், ஒவ்வொரு கைமாற்றத்திலும் பையின் அடையாள எண்ணும் நோயாளியின் எண்ணும் ஒத்துப்போகின்றனவா என்று சரிபார்க்கிறார்கள்.